வண்டியூரில் கேட்ட சுவீடிஷ் பாடம்

மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இரண்டு மூன்று மைல் சென்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காணலாம். 1645-ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி நீளம்; நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபம். தைப் பூசத்தன்று அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் பவனி வரும் அழகை நேயர்களில் பலர் கண்டு களித்திருப்பர்.

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை நாம் குடும்பத்துடன் அக்குளக்கரையில் அமர்ந்திருந்தோம். வண்டியூர்வாசியான நம் பழைய மாணாக்கி ஒருத்தி தன் தகப்பனாருடன் அங்கு வந்தாள். அவள் சுவீடன் தேசத்தில் உப்சாலா சர்வகலாசாலையில் பயில்கிறவள். 1477-இல் ஸ்தாபிக்கப்பெற்ற அப்பழம்பெருங் கலாசாலையில் அவளுக்குரிய விஞ்ஞான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆயினும் சுவீடிஷ் பாஷையையும் தனியே கற்று வருகிறாள். ஐரோப்பாவில் பாஷைத் தேர்ச்சியை ஆறு படிகளாக வகுத்திருக்கின்றனர். அவள் மூன்றாவது படியில் நிற்கிறாளாம்.

"அந்தப் பாஷை எப்படி இருக்கிறது, அம்மா?" என்று வினவினோம்.

"சில இடங்களில் தமிழைப் போலத்தான், ஐயா. 'ஹூஸ்' என்றால் வீடு. 'ஹூஸெட்' என்றால் குறிப்பிட்ட அந்த வீடு. நம் உருபைப் போல் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தமிழில் கடைசியில் வந்து அமரும் வினைச்சொல், அங்கே சாதாரண வாக்கியத்தில் இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. 'நேற்றுப் போனேன் நான் ஊருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஆன்டென்' என்பதை ஒரு ஸ்வரத்தில் சொன்னால் வாத்து. மற்றொரு ஸ்வரத்தில் சொன்னால் ஆவி!"

குழந்தைகள் சிரித்தனர். அடுத்து அவள் கூறியதுதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. அங்கே ஆசிரியரையும் 'து', அதாவது 'நீ' என்றே அழைக்க வேண்டுமாம். முன்னாளில் பட்டமும் பதவியும் சொல்லியே விளிப்பது வழக்கம். 1967-இல் சுகாதார இலாகாத் தலைவர் புரூர் ரெக்செத் என்பார், தம் சிப்பந்திகளை இனி 'நீ' என்றே அழைப்பதாக அறிவித்தார். அக்காலத்தில் பரவிய அவ்வழக்கம் தேசமெங்கும் நிலைத்துவிட்டது. "எங்கே, நம்மை அப்படி ஒரு முறை அழை, பார்ப்போம்" என்றோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தகப்பனார் குறுக்கிட்டார்: "அங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியுமாம். பின் எதற்கு இந்த வீண் சிரமம்? நீங்களாவது சொல்லுங்கள்."

அவள் மெல்லச் சொன்னாள்: "காப்பி வேளையில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போய் உட்கார்ந்தால் மரியாதைக்காக இங்கிலீஷுக்கு மாறுவார்கள். பேச்சு தொடரும், சிரிப்பு நின்றுவிடும், அப்பா."

தகப்பனார் பதில் பேசவில்லை. நமக்கும் விளங்கிற்று. முதற்படியில் தினம் ஒரு புதுச் சொல் உற்சாகம் தரும். கடைசிப் படியில் பெருமை உண்டு. இடைப்படியிலோ காதுக்குப் பாதி எட்டும், நாவுக்கு ஒன்றும் எட்டாது. கடைக்கும் கலாசாலைக்கும் ஆங்கிலம் போதும் என்ற நினைவு, கற்பதை விட்டுவிடத் தூண்டும். அநேகர் திரும்பிவிடுவது இங்கேதான்.

இதற்கு மாறான சரித்திரமும் நம் சீமையில் உண்டு. சுவீடிஷ் மிஷனைச் சேர்ந்தோர் மதுரைப் பக்கம் வந்து தமிழ் கற்றனர். சிவகங்கையை அடுத்த திருப்பத்தூரில் ஆஸ்பத்திரியும் கண்டனர். அவர்களில் கார்ல் குஸ்தாவ் டீல் என்பவர் நம் பஞ்சாங்கங்களையும் சடங்கு நூல்களையும் ஆராய்ந்து, 1956-இல் லுண்ட் நகரில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ராகு காலமும் நல்ல நேரமும் பார்க்கும் நம் வீட்டு வழக்கத்தை அந்நியர் ஒருவர் அறிய முயன்றது, இடைப்படியில் நின்றுவிடாததனால் அன்றோ?

"விட்டுவிடாதே, அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

இன்னொன்று நம் இல்லங்களைப் பற்றியது. தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது என்னும் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்! பாட்டியின் பேச்சு அவர்களுக்கு விளங்கும். பாட்டி எழுதிய கடிதம் விளங்காது. பிறந்த பாஷையிலேயே அவர்களும் அந்த மூன்றாம் படியில்தான் நிற்கிறார்கள். வண்டியூர்ப் பெண் அயல்நாட்டுப் பாஷைக்காகப் படும் பாட்டில் பாதியேனும் நம் வீட்டுக் கூடத்தில் பட்டால் போதும். கை கொடுத்து மேலே ஏற்றிவிடலாம்.