நந்தியாவட்டைப் புழு

நம் இல்லத்தின் பின்புறம் ஓர் எலுமிச்சை மரமும், அதற்கு நான்கடி தள்ளி ஒரு நந்தியாவட்டையும் நிற்கின்றன. முன்னதில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பின்னதில் அரளிப் பருந்து அந்துப்பூச்சி. இவ்விரண்டுக்கும் 1758-இல் லின்னேயஸ் ஒரே நூலில் பெயர் சூட்டினார். நாம்தாம் அவற்றை ஒன்றுபோல் நடத்தவில்லை.

எலுமிச்சைத் தளிரில் இளம்புழு பறவையின் எச்சம்போலக் கிடக்கும். வளர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறக் கவைக்கொம்பை நீட்டி நெடி வீசும். தளிரையெல்லாம் அது தின்று தீர்த்தபோதும் நாம் பொறுத்துக்கொண்டோம். கருமையும் மஞ்சளும் கலந்த சிறகோடு நாளை அது பூவுக்குப் பூ தாவும் அல்லவா?

நந்தியாவட்டைப் புழுவுக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. விரல் பருமன், வால்புறத்தில் ஒரு கொம்பு, அஞ்சினால் தலையை ஒடுக்கி, முன்னுடலின் இரு நீலக் கண்புள்ளிகளைக் காட்டி மிரட்டும். இத்தனைக்கும் நமக்குரிய உணவில் அது வாய் வைப்பதில்லை. நஞ்சுடைய அரளி இலையையும் தின்று செரிக்கும் உயிர் அது. சென்ற ஆண்டு நான்கு புழுக்களைச் சோப்புநீரில் இட்டுக் கொன்றோம். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதுவும் பறக்குமா, தாத்தா?”

“அந்துப்பூச்சிதானே!” என்றோம். அந்து என்றால் நெல்லரிக்கும் பூச்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லே பாதிப் பழியைச் சுமத்திவிடுகிறது.

மறுநாள் ஐந்தாவது புழுவொன்று பழுப்பு நிறமாகித் தரையில் இறங்கி ஊர்ந்தது. அவன் பிஸ்கட் டப்பாவில் மண்ணும் சருகும் இட்டு அதனை வைத்தான். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு இடையில் பட்டிழையொன்றைக் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்திருக்கும். இதுவோ சருகுகளை இழையால் பிணைத்து உள்ளே மறைந்துகொண்டது.

பேரன் ஊர் திரும்பினான். இரண்டு வாரம் கழிந்த ஓர் இரவில் டப்பாவுக்குள் சலசலப்பு. திறந்தோம். பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்பும் பளிங்குக் கல்லின் வரிகள்போல் ஓடும் சிறகுகள்! இத்தனை அழகை இருட்டில் யார் காண்பதற்கு என்று தோன்றியது. சற்று நேரம் சிறகுகளை நடுக்கி உடலைச் சூடாக்கிக்கொண்டு, அது மல்லிகைப் பந்தலின் பக்கம் பறந்து மறைந்தது.

காலையில் பேரனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மகிழ்ந்தான். பிறகு சிறிது நேரம் பேச்சில்லை.

“மற்ற நாலும் இப்படித்தான் இருந்திருக்குமா, தாத்தா?”

ஆம் என்றோம்.