எப்போ சூடாகுது?

வாசுதேவநல்லூரில் ஒரு பெரியவர். கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1998 மாடல் மாருதி 800 ஒன்று உண்டு. வாரம் இரண்டு தடவை மனைவியை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிப் போவது அந்த வண்டியில்தான். பஸ்ஸில் போகலாமே என்று கேட்பவர்கள், டயாலிசிஸ் முடிந்து வருபவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். அப்புறம் கேட்க மாட்டார்கள்.

அந்த வண்டி சூடாக ஆரம்பித்தது. தினமும் சூடானால் பரவாயில்லை, மெக்கானிக் முன்னால் சூடாகும், கண்டுபிடித்து விடலாம். இது மாதத்தில் ரெண்டு தடவை மட்டும். ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் ஐடிலில் விட்டாலும் முள் பாதிக்கு மேல் ஏறாது!

"அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான இருக்கு" என்பார் மெக்கானிக்.

"ஒன்னயக் கண்டா பயப்படுது போல" என்பார் இவர்.

ஆனாலும் சும்மா விட முடியுமா? ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். (போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தது நிஜம்தான்.) மூடி மாற்றினார்கள். அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் முகத்தில் அடிப்பதும் அதனால்தான். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்கள். அப்புறம் வாட்டர் பம்ப். ஒவ்வொன்றுக்கும் பில். வியாதி மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் பெரியவர் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டார். தேதி, இடம், ஓடிக்கொண்டிருந்ததா நின்றதா, முள் எங்கே, ஃபேன் ஓடியதா. அவ்வளவுதான். எந்தப் பாகம் போச்சு என்பதை விட்டுவிட்டு, எப்போ சூடாகுது என்று மட்டும் எழுதினார்.

ரெண்டு மாதத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. ராஜபாளையம் ரோட்டில் அறுபதில் போனபோது ஒரு தடவைகூடச் சூடாகவில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறியபோதும் இல்லை. அப்படியானால் ரேடியேட்டரும் பம்பும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அடைப்பு இருந்தால் ஏற்றத்தில்தானே முதலில் காட்டும்? சூடானது எல்லாம் நின்ற இடத்தில். புளியங்குடி பஜார், திருநெல்வேலி டவுண் நெரிசல், ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் கூட்டம். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் கதி.

அம்பாசடரில் இந்த வம்பு இல்லை. அதன் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது, இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். மாருதியில் கரண்ட் ஃபேன். தண்ணீர் சூடானதும் ஒரு ஸ்விட்ச் அதை ஓட்டிவிடும்.

"ஃபேன் டெஸ்ட் பண்ணியாச்சே அண்ணாச்சி, சுத்திச்சே" என்றார் மெக்கானிக். ஆனாலும் நோட்டைப் பார்த்து யோசித்தவர், ஒரு டெஸ்ட் லேம்ப்பைக் கொடுத்து, எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் காட்டி அனுப்பினார்.

அடுத்த தடவை டவுணில் முள் ஏறியதும் ஓரம் கட்டி பானட்டைத் திறந்தார். ஃபேன் நிற்கிறது. லேம்ப் எரிகிறது! அதாவது கரண்ட் வருகிறது, ஸ்விட்ச் மேல் தப்பில்லை. இறக்கைக்குக் கை போகாமல், ஸ்பேனர் பிடியால் மோட்டார் முதுகில் லேசாக ஒரு தட்டு. விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் நல்ல இடத்தில் நின்றிருந்தால் அடுத்த தடவை கிளம்பும், பிரஷ் தொடாத இடத்தில் நின்றிருந்தால் கிளம்பாது. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு தடவையும் நல்ல இடம் வாய்த்தது, பாவம் மெக்கானிக் என்ன செய்வார்? இன்னும் ரெண்டு தடவை கொதித்திருந்தால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட்டும் போய், வண்டியின் விலைக்குச் செலவு வந்திருக்கும்.

மோட்டார் மாற்றியாச்சு. கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதுசு மாட்டியாச்சு, அது இல்லாமல் இன்ஜின் சூடு பிடிக்காமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் திரும்பி வரும்போது சங்கரன்கோவிலில் மறுபடியும் நெரிசல். முன்சீட்டில் மனைவி அயர்ந்து தூங்குகிறார். பெரியவர் கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார். முள் பாதிக்கு வந்தது, ஃபேன் சத்தம் கேட்டது. நோட்டை எடுத்து, கடைசிக் கட்டத்தில் 'ஓடியது' என்று எழுதினார்.