செம்மண் தடமா, தார் ரோடா?

பிள்ளைகளுக்கு லீவு விட்டால் நம்மூரில் பாட்டி வீடு. கொஞ்சம் கையில் காசு இருந்தால் ஊட்டி, கொடைக்கானல். ஆஸ்திரேலியாவில் பல குடும்பங்கள் வேறு மாதிரிக் கிளம்புகின்றன. காருக்குப் பின்னால் ‘கேம்பர்’ என்ற வண்டியை மாட்டிக்கொள்கிறார்கள். மடித்து வைத்த கூடாரம், மெத்தை, காஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நிறுத்துகிற இடத்தில் விரித்துவிட்டால் அதுதான் வீடு. வீட்டையே இழுத்துக்கொண்டு போவது என்றால் இதுதான்!

நாங்கள் அடிலெய்டுக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன ஜூலை லீவில், நாட்டின் நடுவே இருக்கிற உளுரு என்ற செந்நிறப் பாறைக்குப் போக முடிவு செய்தோம். இவர், நான், பதினைந்து வயது மகன், ஏழு வயது மகள், திருச்சியிலிருந்து வந்திருந்த எழுபத்திரண்டு வயது மாமியார் - ஆக ஐந்து பேர். போவது முடிவாகிவிட்டது, எந்த வழியில் போவது என்பதில்தான் வீட்டில் பத்து நாள் பட்டிமன்றம்!

இரண்டு வழிகள்

அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 310 கிலோமீட்டரில் போர்ட் அகஸ்டா. அங்கிருந்து வழி பிரிகிறது.

ஒன்று, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1987-லேயே முழுக்கத் தார் போட்டு முடித்த ரோடு. போர்ட் அகஸ்டாவிலிருந்து 540 கி.மீ. போனால் கூபர் பெடி, அதற்கு மேல் 235 கி.மீ. போனால் மார்லா.

இன்னொன்று, மலைப்பக்கமாகச் சுற்றி மாரீ என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து ஊட்னடாட்டா தடம் என்கிற மண் வழியில் சுமார் 620 கி.மீ. ஓட்டி அதே மார்லாவில் வந்து சேர்வது. தூரமும் அதிகம், நாளும் இரட்டிப்பு. ஆனால் அந்த வழியில்தான் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. பாலைவனத்தின் நடுவே பூமிக்கடியிலிருந்து குமிழியிட்டு வரும் ஊற்றுகள், கடல் மட்டத்துக்கும் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் ஏர் என்ற உப்பு ஏரி, 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரே மாட்டுப் பண்ணை! எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய ‘கான்’ ரயில் பாதை. இந்தியா, ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து ஒட்டகங்களோடு வந்தவர்களை அந்தக் காலத்தில் ‘ஆப்கான்’ என்று அழைத்தார்கள். அதன் சுருக்கம்தான் ரயிலுக்குப் பெயராயிற்று.

இவருடைய ஆசையே அந்தப் பாதைதான். என் மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். தண்டவாளத்தைக் கண்டால் இவர் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். “இவ்வளவு தூரம் வந்து குடியிருக்கிறோம், அந்தப் பாதையைப் பார்க்காமல் இருந்தால் எப்படி?” என்று கேட்டார். மகனும் அப்பா கட்சி.

வீட்டுக்காரி போட்ட கணக்கு

அவர்கள் வரைபடத்தை விரித்தார்கள். நான் மருந்துப் பெட்டியை விரித்தேன்!

முதலில் மகள். அவளுக்கு இளைப்பு உண்டு. தூசி பட்டால் இரவில் இழுக்க ஆரம்பித்துவிடும். மண் தடத்தில் நாள் முழுக்கப் புழுதி. முன்னால் ஒரு லாரி போனால் பவுடர் கொட்டினாற்போல் கண் மறைக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கேம்பருக்குள் புகுந்துவிடும். அவள் படுப்பதும் அதே மெத்தையில்தான்.

அடுத்து அத்தை. அவர்களுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். அந்த மருந்து சூட்டிலும் இருக்கக் கூடாது, உறையவும் கூடாது. மண் தடம் பல இடங்களில் தகர ஷீட் மாதிரி வரிவரியாக இருக்கும். அந்தக் குலுக்கலில் திருகாணிகள் தானே கழன்று விழும், குளிர்ப்பெட்டியின் ஒயர் விட்டுப்போகும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லும்படி வழியில் இருப்பது கூபர் பெடியில், அதாவது தார் ரோட்டில். மற்ற இடங்களில் அவசரம் என்றால் 1928-ல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையின் விமானம்தான் வர வேண்டும். அருமையான சேவைதான். ஆனால் கூப்பிட போன் சிக்னல் வேண்டுமே!

மூன்றாவது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்பது அங்கே சொல்லும் கணக்கு. ஐந்து பேருக்கு ஐம்பது. மழை பெய்து மூன்று நாள் மாட்டிக்கொண்டால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ பாரம். அத்தனையையும் குழியிலும் மணலிலும் கேம்பர் இழுக்க வேண்டும்.

மழைதான் பெரிய விஷயம். நாலு தூறல் விழுந்தாலும் அந்தச் செம்மண் களியாகிவிடும். உடனே தடத்தை மூடிவிடுவார்கள். மீறி ஓட்டினால் அபராதம் தீட்டிவிடுவார்கள். தனிக் கார் என்றால் எப்படியாவது திரும்பிவிடலாம். பின்னால் கேம்பரை வைத்துக்கொண்டு களியில் எப்படித் திருப்புவது?

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. “என்னங்க, அந்த ரயிலே வழி மாறிப் போயிடுச்சே, நாம மாறினா என்ன?” என்றேன். உண்மைதான். பழைய கான் பாதை அடிக்கடி வெள்ளத்தில் அரித்துக்கொண்டு போனதால், மேற்கே தள்ளிப் புதுப் பாதை போட்டு 1980-ல் ரயிலையே மாற்றிவிட்டார்கள். அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “சரி, தார் ரோடு. ஆனா எனக்கும் ஒரு வழி சொல்லு” என்றார்.

அந்த வழியை அத்தைதான் சொன்னார்கள். “தம்பி, வீட்டை ஒரு இடத்துல விட்டுட்டு நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வாயேன். வீட்டை எதுக்குக் கூடவே இழுக்கணும்?”

கூபர் பெடியில் ஒரு பகல்

தார் ரோடு என்றாலும் லேசில்லை. கேம்பர் மாட்டியிருந்ததால் மணிக்கு 90-க்கு மேல் போகவில்லை. எதிரே ‘ரோடு டிரெயின்’ என்று மூன்று நான்கு பெட்டிகள் கோத்த லாரி வரும்; நீளம் 53 மீட்டர் வரை! அது கடக்கும்போது கேம்பர் ஒரு ஆட்டம் ஆடும். கிளெண்டம்போ தாண்டினால் கூபர் பெடி வரை சுமார் 250 கி.மீ.க்குப் பெட்ரோல் கிடையாது. சாயங்காலமும் விடியற்காலையும் கங்காருகள் ரோட்டுக்குக் குறுக்கே பாயும். அதனால் தினமும் நாலரை மணிக்கெல்லாம் எங்காவது நிறுத்தி உலை வைத்துவிடுவேன்.

கூபர் பெடி ஓர் அதிசய ஊர். 1915-ல் பதினாலு வயதுப் பையன் ஒருவன் ஓபல் கல்லைக் கண்டெடுத்ததிலிருந்து வளர்ந்தது. வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் பூமிக்கடியில் குடியிருக்கிறது. வீடு, கோயில் எல்லாமே குடைந்தவை. உள்ளே ஏ.சி. இல்லாமலே ஜில்லென்றிருக்கும். “ஒட்டடை அடிக்க மட்டும் சுலபமா இருக்காதேம்மா” என்றார்கள் அத்தை!

மறுநாள் காலை ஆறரைக்கு அப்பாவும் மகனும் கேம்பரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு வில்லியம் கிரீக் கிளம்பினார்கள். போக 166 கி.மீ., வர 166. முழுக்க மண் வழி. இரண்டு ஸ்டெப்னி, நாற்பது லிட்டர் தண்ணீர், வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் போன், புளியோதரை. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்கள். கல் வழியில் அதுதான் டயருக்கு நல்லதாம். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: “அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா போலீஸ்ல சொல்லிடுவேன். வண்டி நின்னுட்டா அதை விட்டு ஒரு அடி நகரக் கூடாது.”

பயமுறுத்தச் சொன்னதல்ல. 1998 டிசம்பரில் ஏர் ஏரிக் கரையில் கார் மணலில் புதைந்துபோய், உதவி தேடி நடந்த ஒரு வெளிநாட்டுப் பெண் வெயிலில் இறந்துபோனாள். வண்டி அருகே திரும்பி வந்து தங்கிய அவள் துணைவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் போகிற எவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு மேற்கே மேகம் கட்டியது. துணி காயப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். முகாம் அலுவலகத்தில் கேட்டால், “இப்போதைக்குத் திறந்துதான் இருக்கு, ராத்திரி மழை இருக்கலாம்” என்றார்கள். மகளுக்குச் சோறு ஊட்டினேன், அத்தைக்கு ஊசி போட்டேன், கை வேலையைப் பார்த்தது, கண் ரோட்டைப் பார்த்தது. நாலே கால் மணிக்கு உடம்பெல்லாம் செம்மண்ணாகக் கார் வந்து நின்றது. மகன் தலைமுடி செம்பட்டையாகி இருந்தது. டிக்கியில் மூடி வைத்திருந்த டிபன் பாக்ஸின் விளிம்பெல்லாம் சிவப்புத் தூள்! அதை மகளிடமிருந்து தள்ளி வைத்துக் கழுவினேன்.

இவர் முகத்தில் மட்டும் அப்படியொரு நிறைவு. தண்டவாளம் எடுத்துவிட்ட மேட்டுக் கரை வெறுமனே நீண்டு கிடக்கிறதாம். “அப்பா இருந்திருந்தா இந்தக் கரையில நடந்தே போயிருப்பார்” என்று அத்தையிடம் சொன்னார். அத்தை பதில் சொல்லவில்லை, அவர் தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்கள்.

அன்று இரவு மழை பிடித்தது. காலையில் பலகையில் ஊட்னடாட்டா தடத்துக்கு எதிரே ‘மூடப்பட்டது’ என்று மாற்றியிருந்தார்கள். நாங்களோ டீ குடித்துவிட்டுத் தார் ரோட்டில் கிளம்பிவிட்டோம்.

தார் ரோடு என்றால் எப்போதும் நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஜனவரி வெள்ளத்தில் அதே நெடுஞ்சாலையும் துண்டாகி, கூபர் பெடிக்கு உணவுப் பொருளை விமானத்தில் கொண்டு போனார்கள். எந்த வழியானாலும் அன்றன்று காலையில் ரோட்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

உளுருவில் பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அது அங்குள்ள அனங்கு பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். சுற்றி நடக்கலாம், பத்து கிலோமீட்டர். “நம்ம திருவண்ணாமலை கிரிவலம் மாதிரி” என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களும் மகளும் சமதரையாக இருக்கும் சிறிய பாதையில் மட்டும் நடந்தார்கள். மகள் பயணம் முழுக்க ஒரு நாள்கூட இரவில் இழுக்காமல் தூங்கினாள். எனக்கு அதுவே போதும்.

திரும்பும் வழியில் போர்ட் அகஸ்டா பக்கம் குவார்ன் என்ற ஊரில், பழைய கான் பாதையின் ஒரு துண்டில் தொண்டர்கள் நடத்தும் நீராவி ரயில் ஓடுகிறது. முன்பே டிக்கெட் எடுத்திருந்தேன். ஐந்து பேரும் ஏறினோம். கரித்தூள் வாசனை வந்ததும் அத்தை, “பொன்மலை வாசனைடா தம்பி!” என்றார்களே பார்க்கணும்.

கிளம்பும் சகோதரிகளுக்கு

* இன்சுலின், பஃப் போன்ற மருந்துகள் கேம்பரில் வேண்டாம். காருக்குள் உங்கள் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். இரண்டு மடங்கு எடுத்து இரண்டு பையில் பிரித்து வையுங்கள். பாலைவனத்தில் ஜூலை இரவு கடுங்குளிர். இன்சுலினை வெளியே விடாதீர்கள்.

* அரிசி, பருப்பு, தண்ணீர் போன்ற கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு மேலாகவும் தாழ்வாகவும் அடுக்குங்கள். வாலில் பாரம் கூடினால் வண்டி பாம்பு மாதிரி நெளியும்.

* கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, அவல் இருந்தால் எந்த இடத்திலும் இருபது நிமிஷத்தில் சாப்பாடு.

* எந்த வழி, எப்போது சேருவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சேர்ந்ததும் அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

* வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாக ஓட்டத் தெரிந்தவரைக் கேட்பது இருக்கட்டும். வீட்டில் யாருக்கு உடம்பு தாங்காதோ, அவரை வைத்து முதலில் கணக்குப் போடுங்கள். மற்றவர்கள் ஆசைக்கு ஒரு பகலை ஒதுக்கிக் கொடுத்தால், யாருக்கும் மனக்குறை இருக்காது.