ஒட்டும் கையும் வெட்டும் கையும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

சளிக்காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் மிளகுக் கஷாயம், ஆவி பிடித்தல், இரண்டு நாள் படுக்கை. அதோடு மறந்துவிடுவோம். ஆனால் இன்ஃபுளுயென்சா வைரஸ் நம் உயிரணுவினுள் நுழையும் விதத்தை வகுப்பில் கேட்ட நாள்முதல் எனக்கு அதே நினைவுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் அதன் பருமன். அதற்குள் எத்தனை தந்திரம்!

1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்னும் அறிஞர், வைரஸ் வளர்த்த கோழிமுட்டைக் கருவிலிருந்து நீரை எடுத்துக்கொண்டிருந்தார். இரத்தக்குழாய் ஒன்று கிழிந்து குருதி கலந்தது. சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. வேறொருவராயின் கொட்டிவிட்டு அடுத்த முட்டையை எடுத்திருப்பார். அவர் நின்று கவனித்தார். வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம், அணுக்களின் மேற்பரப்பிலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. நியூரமினிடேஸ் என்ற இன்னொரு புரதம் அதே சர்க்கரையை வெட்டுகிறது. உள்ளே போக ஒட்டும் கை. பெருகிய வைரஸ்கள் வெளியேற வெட்டும் கை. ஒசெல்டாமிவிர் மருந்து இந்த வெட்டும் கையைத்தான் கட்டிப்போடுகிறது.

நுழைவதுதான் வேடிக்கை. உயிரணு தானே வைரஸை ஒரு பைக்குள் விழுங்கி, பையை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பட்டதும் ஹீமக்ளூட்டினின் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் சவ்வோடு இணைத்துவிடுகிறது. எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள் உட்கருவுக்குப் போய்ச் சேர்கின்றன. வீட்டுக்காரனே கதவைத் திறந்து, விளக்கையும் ஏற்றிவைத்த கதை!

எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம். 2006-இல் மராட்டியத்து நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் கண்டபோது எங்கள் தெருவில்கூட முட்டை வாங்க ஆளில்லை என்று அப்பா சொல்வார். “கோழிக்கு வருவது நமக்கு வருமா?” என்று அவர் கேட்டதற்கு இப்போதுதான் என்னால் விடை சொல்ல முடிந்தது. சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணைவதில் இரு வகை உண்டு. பறவை வைரஸ் ஒரு வகையை நாடும். நம் மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாக இருப்பது மற்றது. பறவை வைரஸ் விரும்பும் வகை நம் நுரையீரலின் ஆழத்தில் இருக்கிறது. ஆகையால் அது எளிதில் தொற்றாது, தொற்றினால் கடுமை.

“அப்படியானால் பயமில்லையே?” என்றார். 1968-இல் ஹாங்காங் காய்ச்சல் உலகைச் சுற்றியது. அதன் ஹீமக்ளூட்டினின் பறவையிடமிருந்து வந்தது. ஒட்டுமிடத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறி, மனிதச் சர்க்கரையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. இதைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போகிறார்.