இரண்டு ரிமோட், ஒரு கட்டில்

"கட்டிலுக்கு எதுக்கும்மா ரிமோட்? சேனல் மாத்தவா?" என்று மாமியார் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், கட்டிலின் விலை 1,80,000 ரூபாய். பெண்ணின் கல்யாணத்துக்கென்று கட்டி வந்த சீட்டை எடுத்து வாங்கியது. என்னவருக்கு நெஞ்செரிச்சல், எனக்கு வயிற்றெரிச்சல்!

நாங்கள் இருப்பது ஐயப்பன்தாங்கலில். இவருக்கு வேலை கிண்டியில். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் ஊர்ந்து வீடு சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். சாப்பிட்ட கையோடு படுக்கை. நடுநிசியில் தொண்டை வரை புளித்துக்கொண்டு வர, எழுந்து உட்கார்ந்து இருமுவார். "இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே இருக்கும் தசை தளர்ந்துவிட்டது. மட்டமாகப் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், இடது பக்கம் ஒருக்களியுங்கள், தலைமாட்டை அரை அடி உயர்த்துங்கள்" என்றார் டாக்டர்.

தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். கழுத்து வலிதான் மிச்சம். வயிறு மடிந்து எரிச்சலும் கூடியது. பிறகு எங்கள் தேக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்தோம். இவருக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் விடிவதற்குள் இருவரும் கால்மாட்டுக்குச் சறுக்கிக் கிடப்போம்! (உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு முதலில் மரக்கட்டையையே வைத்துப் பாருங்கள். காசு மிச்சம்.)

கடைசியில் மோட்டார் கட்டில் வந்தது. ஒரே கட்டில் என்று நினைத்திருந்தேன், வந்தவை இரண்டு. தனித்தனி மெத்தை, ஆளுக்கொரு ரிமோட். பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். எனக்கோ பிரசவ வார்டு ஞாபகம். மடங்கும் கட்டில் ஒன்றும் புதிதல்ல. 1909 வாக்கிலேயே வில்லிஸ் காட்ச் என்ற அமெரிக்க டாக்டர், தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டிலை ஆஸ்பத்திரிக்கென்று செய்துவிட்டார்.

ரிமோட்டில் 'ஜீரோ கிராவிட்டி' என்று ஒரு பொத்தான். ஸ்கைலாப் விண்வெளிக்கூடத்தில் இருந்தவர்கள் உடம்பைத் தளரவிட்டபோது இடுப்பும் முழங்காலும் இலேசாக மடிந்தே இருந்தனவாம். அதைப் பார்த்துச் செய்த வசதி என்று இவர் விளக்கினார். "1979ல தலைல விழப்போகுதுன்னு ஊரையே கதிகலங்க வெச்சாங்களே, அந்த ஸ்கைலாபா?" என்றார் மாமியார். நாளெல்லாம் அடுப்படியில் நின்று வீங்கும் என் காலுக்கு அந்தப் பொத்தான் சுகமாகத்தான் இருந்தது. அதை உடனே ஒப்புக்கொள்வேனா?

தொல்லைகளும் உண்டு. இலவம்பஞ்சு மெத்தை இதில் மடங்காது. கொசுவலையை விளிம்பில் செருகினால், தலைப்பக்கம் எழும்பும்போது பிடுங்கிக்கொண்டு வரும். நாத்தனாரின் குழந்தை தவழ்ந்து அடியில் போய்விட்டது. கட்டில் இறங்கும்போது கை நசுங்கினால் என்னாவது? குழந்தைகள் வந்தால் இப்போதெல்லாம் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். ஒரு ராத்திரி இவர் பாதி எழும்பியிருக்கும்போது கரண்ட் போய், விடியும் வரை ஈஸிசேரில் சாய்ந்த மாதிரியே கிடந்தார். மறுநாளே எலெக்ட்ரீஷியனை அழைத்து இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தோம்.

இதெல்லாம் போகட்டும். 22 வருஷமாகத் தூக்கத்தில் இவர் கை என் கையைத் தேடி வரும். இப்போது அவர் மேலே, நான் கீழே, நடுவில் இடைவெளி. அதோடு அந்த இருமல் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். பத்தாம் நாள், "என்னங்க, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேவிட்டேன்.

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முழுசாத் தூங்கி எட்டு வருஷம் ஆச்சும்மா. இருமல் வந்தா நீ முழிச்சுக்குவியேன்னு பாதி நாள் ஹால்ல சோபாவிலதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

பக்கத்திலேயே படுத்திருந்தவளுக்கு எட்டு வருஷமாக இது தெரியவில்லை. சீட்டுப் பணத்தைப் பற்றி அப்புறம் நான் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டையும் டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன். ஏழு மணிக்கே ஆபீஸில் சாப்பிட்டுவிடுகிறார்.

டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்தால் இவர் முகம் சுவரைப் பார்த்தது. அதனால் போன வாரம் இடம் மாறிக்கொண்டோம். இப்போது என் பக்கம் பார்க்கிறார். ஆனால் ரிமோட்டை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டோம். ராத்திரி பதினொரு மணிக்குக் காலை உயர்த்தலாம் என்று இருட்டில் தடவி ஏதோ பொத்தானை அமுக்கினேன். என் கால் அசையவில்லை. பக்கத்தில் இவர் தலை மெல்ல மெல்ல எழும்பி வந்தது.

கண்ணைத் திறந்து, "என்னம்மா, ஏதாவது பேசணுமா?" என்றார்.