கோட்டை விட்டவன்

தேர்வில் தேறாதவனைக் குறிக்க நம்மிடையே சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'பெயில்' என்பது ஆங்கிலம் தந்த முத்திரை. 'தவறிவிட்டான்' என்று ஏட்டுத் தமிழில் சொன்னாலோ, யாரோ இறந்துபோனதாக எண்ணி வீட்டுப் பாட்டி திடுக்கிடுவார். ஆசிரியர் அறையிலும் தேநீர்க் கடையிலும் தாராளமாக உலவுவது 'கோட்டை விட்டான்' என்பதே. எளிய கோலை நழுவவிட்டவனும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனுங்கூடக் கோட்டை விட்டவர்கள்தாம்.

இச்சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. கோட்டை கையில் இருந்தது, காவல் காத்திருந்தால் போதும், அயர்ந்துவிட்டான். நீந்தத் தெரியாதவன் நீச்சற் போட்டியில் தோற்பான். அவனைக் கோட்டை விட்டான் என்று எவரும் சொல்லார்.

இவ்வளவும் தெரிந்தே அச்சொல்லை ஒரு மாணவன்மீது வீசினேன். அப்போது பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு ஆசிரியனாக இருந்தேன். 1988 முதல் நடந்து 2021-இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் காலம் அது. மலாய்த் தாள்களில் தேறாத தமிழ்ப்பள்ளி மாணவன் படிவம் ஒன்றுக்குச் செல்லுமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. அவன் கெட்டிக்காரன், ஆயினும் மலாய்க் கட்டுரைத் தாளில் விழுந்தான். "கையில இருந்ததக் கோட்டை விட்டுட்டியேடா!" என்றேன், வகுப்பே கேட்க.

அடுத்த வாரம் மாணவர்களைக் கிள்ளானுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ராஜா மஹ்டியின் கோட்டையில் இன்று எஞ்சி நிற்பது நுழைவாயில் வளைவே. 1867-இல் கிள்ளானைக் கைப்பற்றிய அவர், 1870-இல் தெங்கு கூடினிடம் அதை இழந்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இவரும் கோட்டை விட்டாரா, ஐயா?"

அவன்தான் கேட்டான். மாணவர்கள் சிரித்தார்கள்.

"இல்லையப்பா, முற்றுகையிட்டார்கள். எத்தனை நாள்தான் தாங்குவார்?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வளைவின் செங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஓராண்டு முழுதும் அந்தக் கையெழுத்தைத் திருத்தியவன், கையைப் பார்த்ததில்லை.

"பூ கட்டுறேன், ஐயா. அம்மாவுக்கு முடியல. ஆவணியில கல்யாண மாலை நிறைய வந்துச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் ரெண்டு மணி ஆயிருச்சு."

ஆவணி முடியும் தறுவாயில்தான் தேர்வு நடந்தது. தாமான் வீட்டில் விளக்கடியில் அமர்ந்து அவன் மலாய் வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருப்பான் என்று நானாக எண்ணியிருந்தேன். நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவனிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் சூழ நின்றதால் நா எழவில்லை. ஏசும்போது மட்டும் அவர்கள் இருந்தது எனக்குத் தடையாகவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அவன் உறங்கிவிட்டான். பிரிக்பீல்ட்ஸ் வந்த பின்னும், மற்றவர்கள் எல்லாரும் இறங்கும்வரை, நான் அவனை எழுப்பவில்லை. பிறகு அவனோடு பூக்கடைவரை நடந்தேன்; அவன் அம்மாவிடமாவது சொல்லிவிட.