கொல்லிமலை ஏற்றத்தில் சொட்டிய ஆயில்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் காரவள்ளியில் மலையடிவாரம் வந்துவிடும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை. மேலே அறப்பளீஸ்வரர் கோயில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. மிளகு, அன்னாசி, பலா என்று பை நிறைய வாங்கி வரலாம். ஆனால் பழைய காருக்கு அந்த ஏற்றம் ஒரு பரீட்சைதான்.

எங்கள் வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். அத்தை, கொழுந்தனார், கைக்குழந்தை, கூடை நிறையப் புளியோதரை என்று நல்ல பாரம் வேறு. பாதி மலை ஏறியிருப்போம். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து, வண்டி நேரானதும் அணைந்தது. எண்ணெய்க் கிண்டி போலப் படம் போட்ட விளக்கு.

"ஒயர் லூஸா இருக்கும், அண்ணி" என்றார் கொழுந்தனார். ஆனால் தீய்ந்த வாடையும் வந்ததே! என் கணவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்புச் சொட்டு.

அந்த விளக்கு ஏன் வளைவில் மட்டும் எரிய வேண்டும்? ஆயில் குறைந்துவிட்டால், வண்டி திரும்பும்போது மிச்சமிருப்பதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. பம்புக்கு ஆயில் கிடைக்காமல் காற்றுதான் கிடைக்கிறது. அணைந்துவிட்டதே என்று அப்படியே ஓட்டினால், சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிப் போய்விடும்.

சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கல்லாக வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கி, காரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். குழந்தையை உள்ளே தூங்க விடுவது கூடவே கூடாது.

இன்ஜின் ஆறியதும் காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தோம். பழுப்பும் கறுப்புமாய் வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகத் தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர். ஏசி போட்டிருந்தால் வெறும் தண்ணீர் சொட்டும். அதற்குப் பயமே வேண்டாம். சக்கரத்தின் பக்கம் வெளிர் நிறத்தில் பிசுபிசுப்பாகச் சொட்டினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை ஓர் அடி கூட நகர்த்தக் கூடாது. எங்களுக்கு விழுந்தது கறுப்பு.

"இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அடிவாரம் வரைக்கும் உருட்டிட்டே போயிடலாம்" என்றார் கொழுந்தனார். அத்தையும் தலையாட்டினார். இவர் மட்டும் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பூஸ்டர் வைத்த பிரேக்குக்கு இன்ஜின் ஓடினால்தான் பலம். நின்றபின் இரண்டு மூன்று தடவை மிதித்தால் கல்லாக இறுகிவிடும். கியரின் பிடிமானமும் இருக்காது. நினைத்துப் பாருங்கள், முப்பது வளைவுக்கு மேல், ஒரு பக்கம் பள்ளம்!

அந்த நேரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய மினி லாரி நின்றது. டிரைவர் குனிந்து பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணீராதீங்கண்ணா, ஃபில்டர் பக்கம் கக்குது. நான் கீழே சொல்லி ஆளை அனுப்பறேன்." லாரிக்குப் பேர் போன மாவட்டம், மெக்கானிக்குக்கா பஞ்சம்? இரண்டு மணி நேரத்தில் ஒரு பையன் புது ஃபில்டரும் ஆயில் டின்னுமாக பைக்கில் வந்துவிட்டான்.

ஃபில்டரின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. இன்ஜின் ஓடும்போது அழுத்தத்தில் பீய்ச்சும், நிறுத்தினால் அடங்கிவிடும். மாற்றி, ஆயில் ஊற்றி, ஓட விட்டுப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. "சரிவில் அளவுக் கம்பி சரியாகக் காட்டாதுங்க, மேலே போய்ச் சமதளத்தில் ஒருதரம் பாருங்க" என்றான். செம்மேட்டில் பார்த்தோம், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

என் சேலை முந்தானையில் கறுப்புக் கறை. தண்ணீர் படுவதற்கு முன் முகப் பவுடரைத் தூவி, ஊறவிட்டு, தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்தேன். முக்கால்வாசி போயிற்று. கைக்கும் சோப்புதான், சிலர் பெட்ரோலில் கழுவுகிறார்கள், அது தோலுக்கு ஆகாது. பழைய ஆயிலும் ஆகாது. கழுவி முடித்த பிறகுதான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.